பில்ட்ரூட் இமேஜுக்குள் சொந்தக் கோப்புகளைச் சேர்ப்பது: முழுமையான வழிகாட்டி

சோமனூர் பக்கம் ஒரு தறிக் குடோனில் 36 தறிகளுக்கு 36 பெட்டிகள் மாட்டினோம். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி போர்டு ஒன்று இருக்கும். தறி எத்தனை பிக் (ஊடை நூல் ஒருமுறை குறுக்கே போவது) ஓடியது, எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று அது குறித்துக்கொண்டே இருக்கும். மாட்டி நாலாவது நாள் குடோன்காரர் போன் செய்தார். "ஏனுங் தம்பி, காலைல எட்டு மணிக்கு ஆரம்பிச்ச ஷிப்டை ஒரு பெட்டி மட்டும் ரெண்டரைன்னு காட்டுதுங்க."

எட்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் ஐந்தரை மணி நேரம். அந்தப் பெட்டி இந்திய நேரத்துக்கு மாறாமல் உலகப் பொது நேரமான யூடிசியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. எஸ்டி கார்டில் இமேஜை (போர்டு ஓடத் தேவையான முழு மென்பொருளும் அடங்கிய ஒரே கோப்பு) எழுதிய பிறகு, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நெட்வொர்க் வழியாக நுழைந்து ஏழு கோப்புகளைக் கையால் நகலெடுப்பதுதான் அப்போது எங்கள் பழக்கம். 35 பெட்டிகளில் ஏழும் போயிருந்தன. ஒன்றில் ஆறுதான்.

தறிக்காரர்களுக்கு இது புதிதல்ல. பாவு ஓட்டும்போதே வண்ண நூலைச் சேர்த்துவிட்டால் கடைசி மீட்டர் வரை அந்தக் கோடு தானாக வரும். நெய்த பிறகு ஒவ்வொரு துணியிலும் நூலைச் செருகிக்கொண்டிருந்தால் ஏதோ ஒன்றில் விட்டுப்போகத்தான் செய்யும். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒரே விதி: பில்டுக்குள் இல்லாத கோப்பு பெட்டிக்குள்ளும் இருக்கக் கூடாது. அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிறு போர்டுகளுக்கான லினக்ஸ் இமேஜைக் கட்டித் தரும் கருவிதான் பில்ட்ரூட். அதை ஒருமுறையாவது ஓட்டி, போர்டு பூட் ஆவதைப் பார்த்தவர்களை நினைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே அடியுங்கள். மெனு தலைப்புகளும் அப்படித்தான், திரையில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

கோப்பு தேவைதானா என்று முதலில் பாருங்கள்

எங்கள் ஏழு கோப்புகளில் மூன்று தேவையே இல்லாதவை. நேர மண்டலம் அதில் ஒன்று. "மேக் மெனுகான்ஃபிக்" கொடுத்து "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" மெனுவுக்குள் போனால் நேர மண்டலத் தகவலை நிறுவ ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கியதும் கீழே "டிஃபால்ட் லோக்கல் டைம்" என்று ஒரு வரி வரும். அதில் "ஏசியா/கொல்கத்தா" என்று கொடுத்தால் வேலை முடிந்தது. போர்டின் பெயர், ரூட் கடவுச்சொல், எந்த நெட்வொர்க் முனைக்கு டிஹெச்சிபி (முகவரியைத் தானாகப் பெறும் வழி) வேண்டும் என்பவையும் இதே மெனுவில்தான் இருக்கின்றன.

மெனுவில் இருப்பதற்குக் கோப்பு போடாதீர்கள். பில்ட்ரூட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில் புதிய பதிப்பு வெளியிடுகிறது. பதிப்பு மாறினாலும் மெனு தேர்வு பெரும்பாலும் தானாகப் பொருந்திப்போகும். நீங்கள் போட்ட கோப்போ பழையபடியே கிடந்து, புதியதை மூடி மறைக்கும்.

உங்கள் பொருட்களுக்குத் தனி வீடு

பில்ட்ரூட்டின் சொந்தக் கோப்புறைக்குள் உங்கள் கோப்புகளை வைக்க வேண்டாம். அடுத்த பதிப்புக்கு மாறும்போது எது நம்முடையது, எது அவர்களுடையது என்று பிரிக்க முடியாமல் போகும். இதற்கென்றே "பிஆர்2_எக்ஸ்டர்னல்" என்ற வழி இருக்கிறது. பில்ட்ரூட்டுக்குப் பக்கத்தில் தனிக் கோப்புறை ஒன்றை இப்படி அமையுங்கள்:

தறி-போர்டு/
    எக்ஸ்டர்னல்.டெஸ்க்
    கான்ஃபிக்.இன்
    எக்ஸ்டர்னல்.எம்கே
    கான்ஃபிக்ஸ்/
    போர்டு/தறி/ஓவர்லே/
    போர்டு/தறி/போஸ்ட்-பில்ட்.எஸ்ஹெச்
    போர்டு/தறி/அனுமதிகள்.டிஎக்ஸ்டி
    பேக்கேஜ்/

முதல் மூன்று கோப்புகளும் கட்டாயம். "எக்ஸ்டர்னல்.டெஸ்க்" கோப்பில் "நேம்: தறி" என்று ஒரு வரி போதும். பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் வரலாம். மற்ற இரண்டும் இப்போதைக்குக் காலியாக இருக்கலாம், ஆனால் இருந்தே ஆக வேண்டும். பிறகு பில்ட்ரூட் கோப்புறைக்குள் நின்று:

மேக் பிஆர்2_எக்ஸ்டர்னல்=../தறி-போர்டு ராஸ்பெர்ரிபை3_டெஃப்கான்ஃபிக்

ஒருமுறை சொன்னால் போதும், அந்த அவுட்புட் கோப்புறை இருக்கும்வரை பில்ட்ரூட் நினைவில் வைத்துக்கொள்ளும். அமைப்பைச் சேமிக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். வெறும் "மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்" கொடுத்தால், அது பில்ட்ரூட்டுக்குள் இருக்கும் ராஸ்பெர்ரி பை கோப்பின் மேலேயே எழுதிவிடும். அதனால் "பிஆர்2_டெஃப்கான்ஃபிக்=" என்று போட்டு, உங்கள் "கான்ஃபிக்ஸ்" கோப்புறையில் "தறி_டெஃப்கான்ஃபிக்" என்ற பெயருக்கு வழி காட்டுங்கள். இந்தக் கோப்புறை முழுவதையும் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கருவி) வையுங்கள்.

ஓவர்லே

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். போர்டில் ரூட் ஃபைல்சிஸ்டம் எப்படி இருக்க வேண்டுமோ, அதே அமைப்பில் ஓவர்லே கோப்புறைக்குள் கோப்புகளை அடுக்கினால் போதும். போர்டில் "/எட்சி/தறி.கான்ஃப்" வேண்டுமென்றால் ஓவர்லேக்குள் "எட்சி" என்று ஒரு கோப்புறை, அதற்குள் "தறி.கான்ஃப்". அவ்வளவுதான். பிறகு "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" மெனுவில் "ரூட் ஃபைல்சிஸ்டம் ஓவர்லே டைரக்டரீஸ்" என்ற வரியில் இப்படிக் கொடுங்கள்:

$(பிஆர்2_எக்ஸ்டர்னல்_தறி_பாத்)/போர்டு/தறி/ஓவர்லே

நடுவில் வரும் "தறி" எக்ஸ்டர்னல்.டெஸ்க் கோப்பில் நீங்கள் கொடுத்த பெயர். முழுப் பாதையை அடித்தால் உங்கள் கணினியில் மட்டும் ஓடும், பக்கத்து மேசைக்காரரின் கணினியில் ஓடாது. இந்த வரியில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓவர்லேக்களை இடைவெளி விட்டு எழுதலாம். வரிசைப்படி நகலாகும், பின்னால் வருவது முன்னால் வந்ததை மூடும். நாங்கள் இரண்டு வைத்திருக்கிறோம். ஒன்று எல்லாப் பெட்டிகளுக்கும் பொது, இன்னொன்று நாடா இல்லாத் தறிகளுக்கான மாற்றங்கள் மட்டும்.

இது எந்தக் கட்டத்தில் நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பல குழப்பங்கள் தீரும். எல்லா பேக்கேஜ்களும் கட்டி முடிந்து "அவுட்புட்" கோப்புறைக்குள் இருக்கும் "டார்கெட்" நிரம்பிய பிறகுதான் ஓவர்லே அதன் மேல் நகலாகிறது. அதனால் பேக்கேஜ் போட்ட கோப்பும் உங்கள் கோப்பும் ஒரே பெயரில் இருந்தால் உங்களுடையதே நிற்கும். "மேக்" ஒவ்வொரு முறை ஓடும்போதும் இந்த நகல் நடக்கிறது. ஆகவே ஓவர்லேயில் ஒரு வரி மாற்றினால் வெறும் "மேக்" போதும், முதலிலிருந்து கட்ட வேண்டியதில்லை.

நீக்குவது அப்படியல்ல. ஓவர்லேயிலிருந்து ஒரு கோப்பை அழித்தால் அது "டார்கெட்" கோப்புறையிலிருந்து அழியாது. நேற்று வந்து சேர்ந்தது இன்றும் அங்கேயே இருக்கும், இமேஜுக்குள்ளும் போகும். அவசரத்துக்கு அதைக் கையால் அழிக்கலாம். ஆனால் உங்கள் கோப்பு ஒரு பேக்கேஜின் கோப்பை மூடியிருந்தால், அந்த அசல் திரும்பி வராது. வெளியே அனுப்பும் இமேஜுக்கு முன்னால் "மேக் க்ளீன்" கொடுத்துவிட்டு முழுதாகக் கட்டுவதுதான் சரி. எங்கள் பழைய கணினியில் இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன் போட்டுவிட்டுப் போவோம்.

இன்னும் சில விஷயங்கள், எல்லாம் பட்டறையில் ஒவ்வொரு நாளாகக் கற்றுக்கொண்டவை.

கிட் காலிக் கோப்புறைகளைச் சேமிக்காது. போர்டில் காலிக் கோப்புறை ஒன்று வேண்டுமென்றால் அதற்குள் ".எம்ப்டி" என்ற கோப்பைப் போடுங்கள். கோப்புறை நகலாகும், ".எம்ப்டி" மட்டும் விடுபடும். கிட்டின் மறைவுக் கோப்புறைகளும், அலைக்குறியில் முடியும் எடிட்டர் மிச்சங்களும் அப்படித்தான், தானாகவே தவிர்க்கப்படும்.

"/டிஎம்பி" கோப்புறைக்குள் எதையும் வைக்காதீர்கள். பூட் ஆகும்போது அதன் மேல் நினைவகத்தில் இயங்கும் ஃபைல்சிஸ்டம் ஏறிக்கொள்ளும், உங்கள் கோப்பு அடியில் மறைந்துவிடும். பிசிபாக்ஸ் இனிட் (பூட் ஆனதும் முதலில் ஓடி மற்ற நிரல்களைத் தொடங்கி வைப்பது) பயன்படுத்தும் வழக்கமான அமைப்பில் "/வார்/லாக்" என்பதும் அந்த "/டிஎம்பி"க்கே போகும் இணைப்புதான்.

மெனுவில் "மெர்ஜ்டு யூஎஸ்ஆர்" தேர்வு இயங்கியிருந்தால் ஓவர்லேயின் மேல்மட்டத்தில் "பின்", "எஸ்பின்", "லிப்" கோப்புறைகள் இருக்கக் கூடாது. அவற்றை "யூஎஸ்ஆர்" கோப்புறைக்குள் வையுங்கள்.

"எட்சி" கோப்புறையில் உள்ள "பாஸ்வேர்ட்", "ஷேடோ", "இனிட்டேப்" கோப்புகளை ஓவர்லேயில் முழுதாக மாற்றுவதையும் நான் தவிர்க்கிறேன். மெனுவில் நீங்கள் கொடுத்த ரூட் கடவுச்சொல்லையும் சீரியல் கன்சோலையும் பில்ட்ரூட் இந்தக் கோப்புகளில்தான் எழுதுகிறது. ஓவர்லே அதற்குப் பிறகு வருவதால் அவ்வளவையும் துடைத்துவிடும். அப்புறம் போர்டு பூட் ஆகும், ஆனால் லாகின் வராது.

தானாகத் தொடங்க வேண்டிய நிரல்

பிசிபாக்ஸ் இனிட் "/எட்சி/இனிட்.டி" கோப்புறையில் பெரிய எஸ் எழுத்தும் இரண்டு இலக்கமும் கொண்டு தொடங்கும் ஸ்கிரிப்டுகளை எண் வரிசையில் "ஸ்டார்ட்" என்ற சொல்லோடு ஓட்டும். எங்களுடையது "எஸ்90தறி". நெட்வொர்க் 40இல் எழுந்துவிடுவதால் அதற்குப் பிறகு இது வருகிறது.

இதில் இரண்டே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, இயக்க அனுமதி இல்லாதது. "சிமோட் +எக்ஸ்" கொடுத்து கிட்டில் சேருங்கள். அந்த ஒரு அனுமதியை கிட் நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவது, விண்டோஸ் கணினியில் திருத்திய ஸ்கிரிப்ட். அதில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். போர்டு முதல் வரியைப் படிக்கும்போது "எஸ்ஹெச்" என்ற நிரலைத் தேடாமல், அந்தக் கூடுதல் எழுத்தும் ஒட்டிய பெயரைத் தேடும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், "நாட் ஃபவுண்ட்" என்றும் வரும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதில் ஒரு முழு நாளைத் தொலைத்தார். "டாஸ்2யூனிக்ஸ்" ஒருமுறை ஓட்டினால் சரியாகிவிடும்.

அனுமதிகள்: ஓவர்லேயை நம்பாதீர்கள்

ஓவர்லேயில் ஒரு கோப்புக்கு 600 என்று அனுமதி வைத்தாலும் இமேஜில் 644 ஆகிவிடும். நகலெடுக்கும்போது பில்ட்ரூட் அனுமதிகளை ஒரே சீராக்குகிறது. உரிமையாளர் எழுதலாம், மற்ற எல்லோரும் படிக்கலாம். நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் தனிச்சாவியை இப்படி வைத்தால் அனுமதி அதிகமாகத் திறந்திருக்கிறது என்று சொல்லி ஓபன்எஸ்எஸ்ஹெச் அதை ஏற்க மறுக்கும்.

"டார்கெட்" கோப்புறைக்குள் போய்ப் பார்த்தாலும் உண்மை தெரியாது. பில்ட்ரூட் சாதாரணப் பயனராக ஓடுவதால் அங்கே எல்லாம் உங்கள் பெயரில்தான் இருக்கும். கடைசியில் இமேஜ் உருவாகும்போது "ஃபேக்ரூட்" என்ற கருவிக்குள் வைத்துத்தான் ரூட் உரிமை எல்லாம் ஏற்றப்படுகிறது.

ஆகவே சிறப்பு அனுமதி வேண்டிய கோப்புகளுக்கு அனுமதிப் பட்டியல் எழுதுங்கள். மெனுவில் "பாத் டு தி பெர்மிஷன் டேபிள்ஸ்" என்ற வரி. பட்டியலில் ஒரு கோப்புக்கு ஒரு வரி:

/எட்சி/தறி/சாவி எஃப் 600 0 0 - - - - -

முதலில் கோப்பு, பிறகு வகை, அனுமதி, பயனர் எண், குழு எண். மீதி ஐந்தும் டிவைஸ் கோப்புகளுக்கானவை, இங்கே கோடு போட்டால் போதும். சாதாரணக் கோப்புக்கு எஃப், கோப்புறைக்கு டி, கோப்புறையும் அதற்குள் இருப்பவை எல்லாமும் என்றால் ஆர். மூன்றையும் சிறிய எழுத்தில் அடியுங்கள். அந்த மெனு வரியில் ஏற்கெனவே பில்ட்ரூட்டின் சொந்தப் பட்டியல் இருக்கும். அதை அழிக்காமல் இடைவெளி விட்டு உங்களுடையதைப் பின்னால் சேருங்கள். தனிப் பயனர் வேண்டுமென்றால் பக்கத்திலேயே பயனர் பட்டியலுக்கும் ஒரு வரி உண்டு.

திருத்த வேண்டியதற்கு ஸ்கிரிப்ட்

ஒரு கோப்பை முழுதாக வைப்பதற்கு ஓவர்லே. இருக்கிற கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கவோ, ஒரு கோப்பை நீக்கவோ போஸ்ட்-பில்ட் ஸ்கிரிப்ட். ஓவர்லே நகலான பிறகு, இமேஜ் உருவாவதற்கு முன் இது ஓடும். "டார்கெட்" கோப்புறையின் பாதை முதல் அளவுருவாக வந்து சேரும். ராஸ்பெர்ரி பை அமைப்பில் ஏற்கெனவே ஒரு ஸ்கிரிப்ட் அந்த மெனு வரியில் இருக்கும். உங்களுடையதை அதற்குப் பின்னால் எழுதுங்கள், அதன் மேலே அல்ல.

இந்த ஸ்கிரிப்டும் "மேக்" ஓடும் ஒவ்வொரு முறையும், அதே "டார்கெட்" மேலேயே ஓடுகிறது. வரியைச் சேர்க்கும் கட்டளையை அப்படியே எழுதினால் பத்தாவது "மேக்" முடிவில் அந்த வரி பத்து முறை இருக்கும். முதலில் "க்ரெப்" வைத்து வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள்.

இன்னொன்று. ஸ்கிரிப்ட் பில்ட்ரூட் கோப்புறையில் நின்றுதான் ஓடும். எங்கள் பதிப்பு எண்ணை ஒரு கோப்பில் எழுத "கிட் டிஸ்கிரைப்" போட்டோம். வந்தது பில்ட்ரூட்டின் பதிப்பு எண். ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்புறையை "டிர்நேம்" மூலம் கண்டுபிடித்து, "கிட் -சி" என்று அந்தக் கோப்புறையைக் காட்டிய பிறகுதான் எங்கள் எண் வந்தது. அங்கே சி பெரிய எழுத்து.

உங்கள் சொந்த நிரல் பேக்கேஜாக இருக்கட்டும்

கட்டி முடித்த சி நிரலை ஓவர்லேயில் தூக்கிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டு மாறினாலோ சி நூலகம் மாறினாலோ அது ஓடாது. மூலநிரல் எந்த நாளுடையது என்றும் தெரியாது. "பேக்கேஜ்" கோப்புறையில் ஒரு "கான்ஃபிக்.இன்", ஒரு எம்கே கோப்பு எழுதுங்கள். எம்கே கோப்பில் "சைட் மெத்தட்" என்பதற்கு "லோக்கல்" கொடுத்து மூலநிரல் இருக்கும் கோப்புறையைக் காட்டலாம். நிறுவும் பகுதியில் "இன்ஸ்டால் -டி -எம் 0755", டி மட்டும் பெரிய எழுத்து. அனுமதியையும் தொடக்க ஸ்கிரிப்டையும் கூட அதே கோப்பில் சொல்லிவிடலாம். முன்பு காலியாக விட்ட மேல்மட்ட "கான்ஃபிக்.இன்", "எக்ஸ்டர்னல்.எம்கே" இரண்டும் இப்போது இந்தப் பேக்கேஜைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூலநிரலைத் திருத்தினால் வெறும் "மேக்" அதைக் கவனிக்காது, "மேக் தறி-ரீபில்ட்" கொடுத்துவிட்டு "மேக்" கொடுங்கள்.

இமேஜுக்குள் போகக் கூடாதவை

36 பெட்டிக்கும் ஒரே இமேஜ். அதற்குள் ஒரு எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவி இருந்தால் 36 பெட்டிக்கும் அதே சாவி. ஒரு பெட்டி கைமாறிப் போனால் அத்தனை பெட்டியின் சாவியும் போனது போல. சாவிகள் முதல் பூட்டில் பெட்டிக்குள்ளேயே உருவாகட்டும். சிறிய எஸ்எஸ்ஹெச் சர்வரான டிராப்பேர் இதைத் தானாகவே செய்யும்.

தறி எண், குடோன் பெயர், நெட்வொர்க் முகவரி போன்ற பெட்டிக்குப் பெட்டி மாறும் விவரங்களை கார்டில் தனி டேட்டா பார்ட்டிஷனில் வைக்கிறோம். தொடக்க ஸ்கிரிப்ட் அங்கிருந்து படித்துக்கொள்ளும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குடோனில் மின்சாரம் சொல்லிக்கொண்டு போகாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் ஃபைல்சிஸ்டம் கெடும். அதனால் பூட் ஆகும்போது ரூட்டை எழுதும் நிலைக்கு மாற்றும் தேர்வை மெனுவில் எடுத்துவிட்டு, ரூட்டைப் படிக்க மட்டும் திறந்து வைக்கிறோம். எழுத்தெல்லாம் டேட்டா பார்ட்டிஷனில்தான். டிராப்பேர் சாவியும் அங்கேதான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பூட்டிலும் புதுச் சாவி உருவாகிக்கொண்டே இருக்கும்.

ராஸ்பெர்ரி பை பூட் அமைப்பான "கான்ஃபிக்.டிஎக்ஸ்டி" கோப்பும் ஓவர்லேக்குள் வராது. அது வேறொரு ஃபேட் பார்ட்டிஷனில் இருக்கிறது. ஃபர்ம்வேர் பேக்கேஜின் மெனுவில் அதற்கான வரியில் உங்கள் கோப்பைக் காட்ட வேண்டும்.

யோக்டோவில் இதே வேலை

பில்ட்ரூட் போலவே இமேஜ் கட்டும் இன்னொரு கருவியான யோக்டோவைப் பயன்படுத்துபவர்களுக்குச் சுருக்கமாக. அங்கே ஓவர்லே போல ஒரே கோப்புறை கிடையாது, ஒவ்வொரு கோப்பும் ஏதாவது ஒரு ரெசிபிக்கு (ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) சொந்தமாக வேண்டும். வேறொருவர் பேக்கேஜின் கோப்பை மாற்ற உங்கள் லேயரில் (ரெசிபிகளை வைக்கும் கோப்புறை) "பிபிஅப்பெண்ட்" எழுதி "ஃபைல்ஸ்எக்ஸ்ட்ராபாத்ஸ்" மாறியின் முன்னால் உங்கள் கோப்புறையைச் சேருங்கள். புதுக் கோப்புக்கு ஒரு சிறு ரெசிபி. வழக்கமில்லாத இடத்தில் நிறுவினால் "ஃபைல்ஸ்" மாறியிலும் அந்த இடத்தைச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நிறுவப்பட்டது, ஆனால் எந்தப் பேக்கேஜிலும் சேரவில்லை என்று பில்ட் நின்றுவிடும். 2021இல் வந்த ஹானிஸ்டர் பதிப்பிலிருந்து, மாறியின் பெயரோடு "அப்பெண்ட்", "ப்ரிபெண்ட்" போன்றவற்றை ஒட்டும் இடத்தில் அடிக்கோட்டுக்குப் பதில் முக்காற்புள்ளி வந்தது. பழைய கட்டுரைகளில் இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டினால் ஓடாது.

கார்டில் எழுதுவதற்கு முன்

இமேஜ் உருவாகும்போது இடம் ஒதுக்க முடியவில்லை என்று பிழை வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸ்ட்4 அளவு மெனுவில் நிலையாகக் கொடுக்கப்பட்டிருக்கும், உங்கள் கோப்புகள் அதைத் தாண்டியிருக்கும். "ஃபைல்சிஸ்டம் இமேஜஸ்" மெனுவில் அளவைக் கூட்டுங்கள்.

அதே மெனுவில் "டார்" வகை இமேஜையும் தேர்ந்தெடுத்து வையுங்கள். கட்டி முடிந்ததும் "டார் -டிவிஎஃப்" கொடுத்தால் ஒவ்வொரு கோப்பும் எந்த உரிமையில், எந்த அனுமதியில் போகிறது என்று வரிவரியாகப் பார்க்கலாம். "டார்கெட்" கோப்புறை காட்டாத உண்மை இங்கே தெரியும். நாங்கள் இதை ஒரு சிறு ஸ்கிரிப்டாகவே வைத்திருக்கிறோம். பட்டியலில் உள்ள கோப்பு எதுவும் காணவில்லை என்றால் இமேஜ் பட்டறையை விட்டு வெளியே போகாது.

பிறகு புது கார்டு ஒன்றில் எழுதி, புது போர்டில் பூட் செய்து பாருங்கள். பழகிய போர்டில், பழைய கார்டில் பார்க்க வேண்டாம். அதன் டேட்டா பார்ட்டிஷனில் முந்தைய மிச்சம் ஏதாவது இருந்துகொண்டு தவறை மறைத்துவிடும். "டேட்" என்று அடித்து நேரம், அப்புறம் சாவியின் அனுமதி, நிரல் ஓடுகிறதா, கடைசியாக "/எட்சி/தறி-பதிப்பு" கோப்பில் இருக்கும் எண். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுகிறோம். குடோனிலிருந்து போன் வந்தால் நாங்கள் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.